பக்கவிளைவுப் பட்டியலில் அக்காவுக்கு உரியது எது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அக்காவுக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பல வருடமாக விட்டுவிட்டு வரும் ஒரு பக்கத் தலைவலி, கூடவே குமட்டல், சில நாள் வாந்தி. ஒரு வருடமாக அது வாரத்தில் நாலைந்து நாள் என்று ஆகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, நார்மல். மைக்ரேன் என்று சொல்லி டாக்டர் இரண்டு மருந்து எழுதியிருக்கிறார். தினமும் இரவில் போட ஃப்ளூனரிசினும் ப்ரோப்ரனோலாலும் சேர்ந்த ஒரு கேப்ஸ்யூல். வலி வரும்போது போட நாப்ராக்சனும் டோம்பெரிடோனும் சேர்ந்த ஒரு மாத்திரை. இணையத்தில் தேடினால் மனச்சோர்வு, எடை கூடுதல், கை நடுக்கம், இதயத்துடிப்பு குறைதல் என்று நீளமாக வருகிறது. அக்கா பயந்துபோய் சீட்டை மடித்து வைத்துவிட்டு, பழையபடி மெடிக்கலில் வாங்கும் தலைவலி மாத்திரையோடு வேலைக்குப் போகிறார். கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: பனிக்காலத்தில் அவருக்கு வீசிங் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறார். “பக்கவிளைவு இல்லாத மருந்து ஏதாவது இருக்கிறதா, இல்லை துணிந்து இதையே தொடங்கலாமா?” என்பது உங்கள் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நெடுநாள் இருந்த மருந்தாளுநர். சீட்டை மாற்றும் அதிகாரம் எனக்குக் கிடையாது, ஆனால் சீட்டைப் படிக்கத் தெரியும். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: அந்தக் கேப்ஸ்யூலை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். நீங்கள் பயந்த எடைக்காகவோ மனச்சோர்வுக்காகவோ இல்லை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வீசிங்குக்காக.

ப்ரோப்ரனோலால் இதயத்தை மட்டும் அமைதிப்படுத்தும் மருந்து இல்லை. மூச்சுக்குழாய் விரிந்திருக்க உதவும் ஏற்பிகளையும் அது அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு அதனால் இழுப்பு வரலாம். அதைவிட மோசம், அந்த நேரத்தில் அடிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் சரியாக வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் அது போய்ச் சேரவேண்டிய இடத்தைத்தான் இந்த மருந்து பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் தேடிப் படித்த பட்டியலில் இதுவும் ஒரு வரியாக இருந்திருக்கும். இருபது வரிகளுக்கு நடுவில், எடை கூடும் என்பதற்குக் கீழே எங்கேயோ. மற்ற பத்தொன்பதும் அக்காவுக்கு வரலாம், வராமலும் போகலாம். இந்த ஒன்று மட்டும் அவர் உடம்புக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் வீசிங் பற்றிச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். தலைவலிக்குப் போகிறவர் மூச்சைப் பற்றி ஏன் பேசப்போகிறார்? கூட்டமான ஓ.பி.யில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளே இழுப்பைக் கிளப்பும். எல்லாருக்கும் இல்லை. முன்னால் இவற்றில் ஏதாவது போட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் அக்காவுக்கு அந்தப் பிரச்சினை இருக்க வாய்ப்புக் குறைவு. இதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வீசிங்குக்கு இன்ஹேலர் மட்டும்தானா, மாத்திரையும் போடுகிறாரா என்று பாருங்கள். நம் ஊரில் மூச்சிரைப்பு என்றாலே டெரிஃபிலின் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் இருக்கும் தியோஃபிலின் குமட்டலையும் தலைவலியையும் தானே உண்டாக்கக்கூடியது. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் கூடச் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு இன்னும் ஏறும். பனிக்காலத்தில் தலைவலி கூடுகிறது என்றால், பனியோடு சேர்த்து இந்த மாத்திரையையும் சந்தேகப்படலாம்.

சரி, அந்தக் கேப்ஸ்யூல் வேண்டாம் என்றால் இப்போது போடுவதையே போட்டுக்கொண்டிருக்கலாமா? கூடாது. என் கவலை முக்கால்வாசி இதில்தான்.

பக்கவிளைவு பற்றிப் பேசும்போது எல்லாரும் புது மருந்தை மட்டும்தான் விசாரிப்பார்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரையை யாரும் விசாரிப்பதில்லை, அது பழகிப்போன முகம். அக்கா வாரத்துக்கு நாலைந்து நாள் போடுகிறார் என்றால் மாதத்துக்குப் பதினாறு, இருபது நாள் ஆகிறது. மைக்ரேன் உள்ள ஒருவர் வெறும் பாராசிட்டமால் அல்லது நாப்ராக்சன் வகையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரைகளையோ மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான், எர்கோட்டமின் வகையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலைக்குப் போகலாம். இது நான் சொல்லும் கணக்கு இல்லை, தலைவலிகளை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் உள்ள வரையறை. சாரிடான் மாதிரி பாராசிட்டமாலோடு காஃபினும் இன்னொரு வலி மருந்தும் சேர்ந்தவை கூட்டு மாத்திரைக் கணக்கில் வரும், அதாவது 10 நாள் எல்லை. அக்கா அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். மாதத்தில் சில நாள் இருந்த தலைவலி வாரத்துக்கு நாலைந்து நாளாக மாறியதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

மெடிக்கலில் என்ன தருகிறார்கள் என்று தெரியுமா? உதிரியாக ‘ஒரு செட்’ கட்டிக் கொடுக்கிறார்கள் என்றால் அதை உடனே நிறுத்துங்கள். வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று, நடுவில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பெயர் தெரியாத மாத்திரையின் பக்கவிளைவை எப்படி எடை போடுவது? அட்டையோடு வாங்கினால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

அட்டையில் எர்கோட்டமின் என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வாசோகிரெய்ன் அந்த வகை. அது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. எப்போதாவது ஒன்று என்ற அளவில் பலர் வருடக்கணக்கில் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்கோடு அது சேர்ந்தால் கை கால் விரல்களுக்கு ரத்தம் போகாமல் கறுத்து அழுகும் அளவுக்குப் போயிருக்கிறது. சளிக்கும் வீசிங்குக்கும் ஆன்டிபயாடிக் எழுதும்போது இந்தப் பெயர்கள் சாதாரணமாக வரும். கர்ப்பத்தில் எர்கோட்டமின் அறவே கூடாது. டிரிப்டான் வகையான சுமாட்ரிப்டான் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது.

இனி குமட்டல். பலர் இதைத் தலைவலியின் வால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பித்தம் ஏறிவிட்டது, வாந்தி எடுத்தால் தலை இறங்கும் என்று வீட்டில் சொல்வார்கள். மைக்ரேன் வந்தால் இரைப்பை மந்தமாகிவிடும், உள்ளே போனது கீழே இறங்காமல் நிற்கும். அதனால்தான் வலி உச்சத்துக்குப் போனபின் போடும் மாத்திரை வேலையே செய்யாதது போலத் தெரிகிறது. செய்யவில்லையே என்று இன்னொன்று போடுவார்கள். வலி ஆரம்பிக்கும்போதே, சரியான அளவில் ஒன்றைப் போடுவது பின்னால் மூன்று போடுவதைவிட மேல். டாக்டர் நாப்ராக்சனோடு டோம்பெரிடோனைச் சேர்த்து எழுதியதற்குக் காரணமும் இதுதான்: குமட்டலும் அடங்கும், மாத்திரையும் கீழே இறங்கும்.

குமட்டல் மருந்துகளின் பக்கவிளைவுகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமானவை, கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் போகாது, அதனால் நரம்புத் தொல்லை குறைவு. அதன் சிக்கல் இதயத் துடிப்பின் லயத்தில். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ஒரு நாளைக்கு 30 மி.கி.க்கு மேல் எடுப்பவர்கள், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகொனசோல் மாதிரி மருந்துகளோடு சேர்த்து எடுப்பவர்கள் என இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை இதன் அளவையும் நாளையும் குறைத்தது இதற்காகத்தான். 34 வயதில், மாதத்தில் சில நாள், ஒன்றிரண்டு மாத்திரை என்றால் எனக்குப் பெரிய பயம் இல்லை. தினமும் போட்டால் மாதவிடாய் தள்ளிப்போவது, மார்பில் பால் கசிவது எல்லாம் வரலாம்.

மெட்டோகுளோபிரமைடு, அதாவது பெரினார்ம், மைக்ரேன் குமட்டலுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் அது மூளைக்குள் போகும். சிறு வயதுக்காரர்களுக்கு, அதிலும் இளம் பெண்களுக்கு, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண் மேலே சொருகுவது, தாடை இழுப்பது நடக்கும். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு மாதிரி, சில வீடுகளில் பேய் பிடித்த மாதிரி இருக்கும். மாற்று ஊசி போட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இன்னொரு விதம், உட்கார முடியாமல் நிற்க முடியாமல் ஒரு தவிப்பு. அதை மருந்தின் வேலை என்று தெரியாமல் பதற்றம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஸ்டெமெட்டில் என்ற குமட்டல் மருந்துக்கும் இதே குணம். ஒருமுறை இப்படி வந்திருந்தால் அந்த மருந்தின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றை மாதக்கணக்கில் தினமும் போடவே கூடாது. வாயும் நாக்கும் தானாக அசையும் கோளாறு வந்தால் மருந்தை நிறுத்தினாலும் போகாமல் இருக்கலாம்.

மூன்றாவது ஓண்டான்செட்ரான், எமெசெட் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கழுத்துத் திருகல் எல்லாம் இதில் மிக அரிது, குழந்தைக்குக்கூடக் கொடுக்கிறார்கள். ஆனால் அதன் பக்கவிளைவுகளில் முதல் இடத்தில் இருப்பவை எவை தெரியுமா? தலைவலியும் மலச்சிக்கலும்! தலைவலியோடு வரும் குமட்டலுக்கு இதைத் தினமும் போட்டுவிட்டு, தலைவலி விடவில்லையே என்று திரும்ப வருபவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஒரு வேளை சரி, வழக்கமாக வேண்டாம்.

பட்டியலை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். மருந்துத் தாளில் ‘மிகச் சாதாரணமாக’ என்று போட்டால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருவது. ‘சாதாரணமாக’ என்றால் நூறில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. ‘அரிதாக’ என்றால் ஆயிரத்தில் ஒருவரைவிடக் குறைவு. இணையத்தில் தேடும்போது இந்தப் பிரிவுகள் கலைந்து, வாய் உலர்வதும் கல்லீரல் கெடுவதும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அதைப் படித்துப் பயப்படாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பயமும் ஒரு பக்கவிளைவைக் கொண்டுவரும். மைக்ரேன் மருந்துச் சோதனைகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களை மட்டும் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2009-ல் வந்தது. எந்த மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களோ அந்த மருந்தின் பக்கவிளைவுகளையே அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். வலிப்பு மருந்தை மைக்ரேனுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் வெற்று மாத்திரை வாங்கியவர்கள் பசியின்மையும் மறதியும் சொன்னார்கள், மற்றச் சோதனைகளில் வெற்று மாத்திரை வாங்கியவர்கள் அதைச் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தம் இல்லை, உடம்பு நிஜமாகவே அப்படி உணர்கிறது. இதற்காகத் தாளைப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன். படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டால் போதும்: இதில் எது என் உடம்புக்கு ஏற்கெனவே இருக்கும் கோளாறோடு மோதுகிறது? எது வந்தால் நான் உடனே நிறுத்த வேண்டும்?

இந்தக் கண்ணோடு தடுப்பு மருந்துகளைப் பார்ப்போம். இவை வலியை அடக்குபவை அல்ல, வலி வரும் நாட்களைக் குறைப்பவை. எந்த மருந்தானாலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: வலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் வெற்றி. அதுவும் எடுப்பவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் நடக்கும். சரியான அளவுக்கு வந்தபின் எட்டு வாரமாவது பார்க்காமல் ‘கேட்கவில்லை’ என்று சொல்லக் கூடாது.

கேப்ஸ்யூலில் இருந்த இன்னொன்று, ஃப்ளூனரிசின். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடையாது. இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் நிறையப் பயன்படுகிறது, வேலையும் செய்கிறது. தூக்கமும் எடையும் சாதாரணமாக வருபவை. கை நடுக்கம், உடல் விறைப்பு பெரும்பாலும் வயதானவர்களுக்கு. அக்கா வயதில் பார்க்க வேண்டியது மனச்சோர்வு. முன்பு மனச்சோர்வு வந்திருந்தால், பிரசவத்துக்குப் பின் வந்ததையும் சேர்த்து, இது வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லலாம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த மருந்து உடம்பை விட்டு மிக மெதுவாக வெளியேறும், பாதி குறையவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் நிறுத்திய மறுநாளே மனசு தெளிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். சீட்டைத் தொலைக்காமல் இரண்டு வருடம் அதையே வாங்கிப் போட்டவர்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல். மூச்சுக்கு இது தொல்லை தராது என்பதால், மனச்சோர்வு வரலாறு இல்லையென்றால் கூட்டுக் கேப்ஸ்யூலுக்குப் பதில் இதைத் தனியாக எழுதித் தர டாக்டர் யோசிக்கலாம்.

அமிட்ரிப்டிலின் எனக்குத் தனிப்பட்ட முறையில் மரியாதை உள்ள மருந்து. பழையது, மலிவானது. மனநோய்க்கான மருந்து என்று இணையத்தில் பார்த்ததும் பலர் குப்பையில் போட்டுவிடுவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுப்பது 75 மி.கி.க்கு மேல், தலைவலிக்குத் தொடங்குவது 10 மி.கி. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் மந்தமாக இருக்கும். படுக்கும்போது போடாமல் இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால் காலை மந்தம் குறையும். எடை கூடலாம். அடிமையாக்காது. தூக்கம் சரியில்லாதவருக்கு அந்தத் தூக்கக் கலக்கமே லாபம். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு, கண் அழுத்தம் இருப்பவர்களுக்குக் கண் என்று அதற்கும் சில ஆட்கள் ஆகாது, அக்கா அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தை எடுக்காத இடத்தில் மட்டும் வையுங்கள், அளவு மீறினால் இது மிகவும் ஆபத்தான மருந்து.

டோபிராமேட் எடையைக் குறைக்கும் என்பதால் சிலர் கேட்டே வாங்குகிறார்கள். விரல் நுனியில் மரத்துப்போய்க் குறுகுறுப்பது மிகச் சாதாரணம். பேசிக்கொண்டிருக்கும்போது வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவது இன்னொன்று. ஆசிரியர், வக்கீல் மாதிரி பேச்சே வேலையாக இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம், இன்னொருவருக்குச் சிரித்துவிட்டுப் போகும் விஷயம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்க்கலாம். முதல் மாதத்தில் திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் அன்றே மருந்தை நிறுத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆனால் அக்கா விஷயத்தில் டோபிராமேட்டையும், அதைவிட முக்கியமாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தையும் கேட்கும்போது முதலில் வரவேண்டிய கேள்வி வேறு: இன்னொரு குழந்தைக்கு வாய்ப்பு உண்டா? வால்ப்ரோயேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்குக்கு மன வளர்ச்சியில் பாதிப்பு. வலிப்பு நோய்க்கு வேறு வழியே இல்லாதபோது அதை எடுப்பது ஒரு கணக்கு. தலைவலிக்கு, குழந்தை பெறும் வயதில், அந்தக் கணக்கு எனக்குச் சரிப்படவே இல்லை. டோபிராமேட்டும் உதடு பிளவு போன்ற குறைகளைக் கூட்டுகிறது. பிரிட்டனில் 2024 முதல், உறுதியான கருத்தடை இல்லாத பெண்களுக்கு அதை எழுதக் கூடாது என்று கட்டுப்பாடே வந்துவிட்டது. ‘பிளான் இல்லை’ என்பது கருத்தடை ஆகாது, இதை டாக்டரிடம் வெட்கப்படாமல் பேச வேண்டும். கருத்தடை மாத்திரை என்றால் அதிலும் ஒன்று: வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் வளைவுகள், ஒளிப்புள்ளிகள் வரும் வகை மைக்ரேன் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

கேண்டசார்ட்டன் ரத்த அழுத்த மருந்து. நார்வேயில் நடந்த சோதனையில் ப்ரோப்ரனோலாலுக்கு ஈடாக நின்றது. மூச்சுக்கும் தொல்லை இல்லை. தலைசுற்றல் வரலாம், கர்ப்பத்தில் கூடாது. அதிகம் எழுதப்படுவதில்லை, கேட்டுப் பார்க்கலாம். மைக்ரேன் வலியில் பங்குள்ள சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைத் தடுக்கும், மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் 2018 முதல் வந்திருக்கின்றன. மலச்சிக்கல் தவிர அன்றாடத் தொல்லை குறைவுதான், விலைதான் பக்கவிளைவு.

வலி நேரத்துக்கு நாப்ராக்சன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் உண்டு. போட்டதும் நெஞ்சும் கழுத்தும் இறுகுவது போல ஓர் உணர்வு சிலருக்கு வரும், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் இதய அடைப்பு, பக்கவாதம், கட்டுக்கடங்காத பி.பி. உள்ளவர்களுக்கு இவை கூடாது. வாந்தி எடுக்கிறவருக்கு நாசி ஸ்பிரே நல்லது. வாயில் கரையும் மாத்திரை வாயிலேயே வேலை செய்துவிடும் என்று நினைக்கிறார்கள், அதுவும் வயிற்றுக்குப் போய்த்தான் ஏறவேண்டும்.

இனி கடினமான பகுதி. கடை மாத்திரையை நிறுத்தினால் முதல் இரண்டிலிருந்து பத்து நாள் தலைவலி இப்போதைவிட அதிகமாகும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். அதை எதிர்பார்க்காதவர்கள் மூன்றாம் நாளே தோற்றுவிடுவார்கள், தோற்றுவிட்டு ‘எனக்கு அந்த மாத்திரைதான் கேட்கிறது’ என்பார்கள். தடுப்பு மருந்தைத் தொடங்கிய பிறகு, ஆர்டர் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து, முடிந்தால் இரண்டு நாள் லீவு சேர்த்து நிறுத்தலாம். அந்த நாட்களைத் தாண்ட டாக்டர் வேறு மருந்து தருவார். காபியை அதே நாளில் நிறுத்த வேண்டாம், காஃபின் விடுவதற்கும் தனியாக ஒரு தலைவலி உண்டு. நிறுத்திய பிறகு வலி மாத்திரை வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவு போதும். இரண்டு மாதம் கழித்து மருந்து கேட்கிறதா என்பதை ஞாபகத்தை நம்பாமல் அதைப் பார்த்துச் சொல்லலாம். ஞாபகம் கடைசி வாரத்தை மட்டும்தான் சொல்லும்.

காய்ச்சலோடு தலைவலி வந்தால் மட்டும் கணக்கு மாறும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்பது எடுத்த தேதிக்குத்தான். ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும், இதுவரை வந்திராத தலைவலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும், வாரக்கணக்கில் லேசான காய்ச்சலோடு வாந்தி (நம் நாட்டில் மூளைக் காச நோயை மறக்கக் கூடாது), ஒரு கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல், இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலியோடு பார்வை இருண்டு இருண்டு வருவது, பிரசவமான சில வாரங்களுக்குள் புதிதாக வரும் தலைவலி என்று எது வந்தாலும் இது பழைய மைக்ரேன்தான் என்று படுத்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வாரமே அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள், வேறு டாக்டர் தேட வேண்டியதில்லை. அவர் தப்பாக எழுதவில்லை, வீசிங் தெரியாமல் எழுதியிருக்கிறார். அக்கா நேரில் போகட்டும், நீங்கள் கூடப் போங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி: வீசிங் உண்டு, இன்ஹேலர் பெயர் இது, மாதத்துக்கு இத்தனை நாள் கடை மாத்திரை, பெயர் இது, குழந்தை பற்றி இப்படி யோசிக்கிறோம், முன்பு மனச்சோர்வு உண்டு அல்லது இல்லை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள், வீசிங் மாத்திரையும் சேர்த்து. கேப்ஸ்யூல் அட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பில்லோடு கொண்டுபோய்க் கடையில் கேளுங்கள், பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.